இல்லாத பெண்களின் அளவுப் புத்தகம்

நாற்பத்தொன்று நவம்பர். ஹை ஸ்திரீட்டில் மழை.
செத்துக் கிடந்தவன் வெட்டு மாஸ்டர் ஸூ பாவ்லின்,
ஷாங்காய்க்காரன்.
முதுகில் அவனுடைய கத்தரிக்கோலே.
கரி இஸ்திரிப்பெட்டி இன்னும் சூடு.
அதன் அடியில் பச்சைப் பட்டு
படகு வடிவில் கருகியிருந்தது.

துப்பறிவது இன்ஸ்பெக்டர் ஹார்ட்விக்கின் வேலை.
பிணத்தோடு கிடைக்கும் சாமானுக்கு
நம்பர் போடுவது என் வேலை.
ஒன்று: கத்தரிக்கோல்.
இரண்டு: சாக்கட்டி, நீலம், பாதி தேய்ந்தது.
மூன்று: குண்டூசிகள், எண்ணவில்லை.
நான்கு: வாடிக்கையாளர் அளவுப் புத்தகம்,
பதினைந்து பக்கம்.

கடை முதலாளி மதாம் ஸெலெஸ்ட்
போர்டில் பாரிஸ், பாஸ்போர்ட்டில் மலாக்கா.
அழவில்லை.
சனிக்கிழமை விருந்துக்கு
ஏழு கவுன் பாக்கி என்றாள்.
பிணத்தைச் சுற்றிப் போகையில்
பாவாடையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டாள்.

இரவு, வேறு படிக்க எதுவும் இல்லாததால்
அந்தப் புத்தகத்தைப் படித்தேன்.
திருமதி லாங்: மார்பு முப்பது,
இடை நாற்பத்தெட்டு, இடுப்பு பதினெட்டு.
மறுபடி படித்தேன்.
நம் புலவர்கள் பெண்ணைப் பாடிப் பாடி
இடை மட்டும் இல்லை என்று சாதித்தார்கள்.
இங்கே இடை இருந்தது.
பெண்தான் இல்லை.

அறைத்தோழன் அருளம்பலம்
கெப்பல் துறைமுகத்தில் ஆழம் பார்க்கும் படகில் வேலை.
ரொட்டியைக் கடித்தபடி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
"இந்த அம்மாவின் இடை நம்முடைய மேற்கு வாசல்.
நாற்பத்தெட்டு அடி. எட்டுப் பாகம்" என்றான்.
பாகம் என்பது விரித்த இரண்டு கை.
கடலையும் உடம்பால்தான் அளக்கிறோம்.

மறுநாள் வெட்டு மேசைக்கு அடியில்
ஐந்தாம் நம்பர் கிடைத்தது:
காகிதத்தில் வெட்டிய பதினான்கு உடல்கள்.
தொழில்காரன்.
கொடுத்த அளவை நம்பி வெட்டிப் பார்த்திருக்கிறான்.
பிறகு, நினைக்கிறேன்,
யாரிடமோ கேட்டிருக்கிறான்.

பதினைந்தாம் பக்கம் மட்டும் கடல் அல்ல.
முப்பத்தாறு, இருபத்தேழு, முப்பத்தெட்டு.
பெயர் இல்லை. பச்சை, அவசரம்.
ஓரத்தில் பென்சிலில்,
வலத்தோள் அரை அங்குலம் இறக்கம்.

வெள்ளிக்கிழமை ராபின்சன் சாலை ஆபீசுக்கு
இன்ஸ்பெக்டரின் மனைவி குடை கொண்டுவந்தாள்.
அந்த வெக்கையிலும் முழங்கை வரை கையுறை.
நாற்காலி எடுத்துப் போட்டேன்.
உட்காராமல் நின்றாள்,
ஜன்னல் சட்டத்துக்கு நேராக.
சட்டம் நேராக இருந்தது.
"எப்போதும் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள்" என்றாள்.
வேலை, அம்மா, என்றேன்.

திங்களன்று புத்தகத்தில் பதினைந்தாம் பக்கம் இல்லை.
கிழித்த விளிம்புகூட இல்லை,
தையல் பிரித்து எடுத்த சுத்தம்.
"பதினான்கு என்று திருத்து" என்றார் ஹார்ட்விக்,
என்னைப் பார்க்காமல்.
திருத்தினேன்.
எனக்கும் மாதம் அறுபது வெள்ளி வேண்டும்.
ஆனால் பேனா கையில் இருந்தபோதே
மூன்றாம் நம்பரில் 'எண்ணவில்லை' என்பதை அடித்து
எழுதினேன்: குண்டூசிகள், 362738.

பிப்ரவரியில் கோப்புகளை முற்றத்தில் குவித்து எரித்தோம்.
அவர் எடுத்துக் கொடுக்க, நான் போட்டேன்.
இதை மட்டும் திறந்தார்.
"இவ்வளவு குண்டூசியா?"
"இருந்தது, ஐயா."
வெகுநேரம் பார்த்தார்.
அவரே நெருப்பில் வைத்தார், போடவில்லை, வைத்தார்.

அளந்த தண்ணீர் வழியாக யாரும் வரவில்லை.
வடக்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே
சைக்கிளில் வந்தார்கள்.
திருமதி லாங்கின் இடையை
யாரும் கேட்கவே இல்லை, ஸூ பாவ்லின்.